‘வந்தாருங்க’ என்று சொன்னதற்காக

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடைக் கயிற்றில் ஒரு வாரப் பத்திரிகை தொங்கிக்கொண்டிருந்தது. அட்டையில் அந்தக் காட்டு ஆளின் முகம். போலீஸ் இத்தனை வருஷமாகத் தேடியும் பிடிக்காத ஆளை யாரோ ஒரு நிருபர் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார். வாங்கி, நின்ற இடத்திலேயே பிரித்தேன். அச்சு மை விரலில் ஒட்டியது. ‘அவர் சிரித்தார்.’ ‘அவர் சற்று யோசித்தார்.’ ‘அவருக்குக் களி என்றால் பிரியம்.’ பக்கத்துக்குப் பக்கம் அவர், அவர், அவர். பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, “என்ன தைரியமுங்க அவருக்கு!” என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அவரை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

நீ சொன்னது ஒரு சொல். “வந்தாருங்க.” அவ்வளவுதான்.

பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு துடியலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

நீ பவுண்டரிக்கு வேலைக்கு வந்த புதிதில் உன் பேச்சைக் கேட்டு நாங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. கொங்கு நாட்டில் எல்லாரும்தான் ‘ங்க’ போடுகிறோம். ஆனால் நீ போட்ட மாதிரி யாரும் போட்டதில்லை. பம்பு செட்டுக்கு வார்ப்பு ஊற்றுகிற அந்தச் சூட்டில், மூஞ்சியெல்லாம் கரி அப்பிக்கொண்டு, இரும்புப் பொறி காலில் பட்டால்கூட “சுட்டுப்போட்டதுங்க” என்பாய். யாரிடம் சொல்கிறாய் என்று திரும்பிப் பார்த்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் பின்சுவர் ஏறி எவனோ பழைய இரும்பைத் திருடிக்கொண்டு ஓடினான். நீதான் பார்த்தாய். மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னாய்: “திருடரு செவுரு ஏறிக் குதிச்சுப் போயிட்டாருங்க!”

மண் குழைத்துக்கொண்டிருந்த மாரிமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். “ஏண்டா, திருடருக்கு ஒரு சேர் போட்டு ஒரு டீயுஞ் சொல்லீருக்கலாமில்ல?”

“அவரு நிக்கலீங்களே” என்றாய் நீ, சீரியஸாக.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீயும் சிரித்தாய். எதற்குச் சிரிக்கிறோம் என்று உனக்கு முழுசாகப் புரிந்திருந்ததா என்று தெரியவில்லை.

எனக்கு மட்டும் சாயங்காலம் சிரிப்பு நின்றுபோனது. உன்னோடு ஒரே தட்டில் போண்டா தின்கிறவன் நான், ஒரே சம்பளம் வாங்குகிறவன். என்னையும் நீ ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டாய். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி கட்ட இடம் இல்லாவிட்டாலும் சாதிப் பேர் இருந்தது. உன் அப்பா பண்ணையத்தில் வேலை செய்த வீட்டில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூட அவர் ‘சின்னவரு எந்திரிச்சுட்டாருங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தமிழின் மரியாதையைப் பற்றி எல்லாரும் பெருமை பேசுகிறார்கள். தங்களுக்குள் ‘வாங்கோ, சாப்பிடுங்கோ’ என்று இழைகிற அதே வாய் உன் அப்பா பக்கம் திரும்பினால் ‘டேய்’ என்றது. உனக்குக் கிடைத்தது ஒருவழிப் பாதை. நீ எல்லாருக்கும் கொடுக்கலாம். உனக்கு யாரும் தர மாட்டார்கள்.

“என்னை டா போட்டுக் கூப்பிடு” என்று உன்னோடு சண்டை போட்டேன். “எவனோ திருட்டுப் பயலுக்கு எதுக்கு மரியாத? அவன்னு சொல்லிப் பழகு.”

“நாக்குல ஒட்டிக்கிச்சுங்க” என்றாய். “வேணும்னு வெச்சிருக்கறதில்லீங்க. வாயில வேற மாதிரி வரலீங்க.”

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, காடு தொடங்குகிற இடத்தில் உன் ஊர். மாரியம்மன் நோம்பிக்கு லீவு போட்டுப் போனாய். அந்த வருஷங்களில் அந்தப் பக்கமெல்லாம் காக்கிதான். சந்தன மரம் வெட்டி, யானையைக் கொன்று, போலீஸ்காரர்களையும் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் இருந்த கூட்டத்தைத் தேடி ஒரு படை வந்து இறங்கியிருந்தது. தேடப்பட்ட ஆளுக்குக் காடு தெரியும். தேடி வந்த படைக்குத் தெரியாது. காட்டுக்குள் கிடைக்காதவனைக் காட்டோரத்து ஊர்களில் தேடினார்கள். அங்கே இருந்தது உன்னைப் போன்றவர்கள்தான்.

நோம்பி முடிந்த மறுநாள் உன் மாமனாரின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் போயிருக்கிறாய். துப்பாக்கியோடு சிலர் வந்தார்கள், அந்தக் காட்டு ஆளும் கூடவே. தீப்பெட்டி கேட்டது அந்த ஆள்தான். நீ வைத்திருந்த உப்பையும் கேட்டார்கள். கொடுத்தாய். துப்பாக்கி வைத்திருக்கிறவன் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வது? அவர்கள் போய்விட்டார்கள். அதற்கப்புறம் படை வந்து ஊரைக் கூட்டி, அந்த ஆளை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டது. ஊர் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. பார்த்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். வாயைத் திறந்தவன் நீ மட்டும்.

“வந்தாருங்க. தீப்பெட்டி கேட்டாருங்க. குடுத்தனுங்க.”

உன் சம்சாரம் ஏதோ ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பவுண்டரிக்குப் போன் பண்ணினாள். கைக்குழந்தை அழுகிற சத்தத்தில் பாதி கேட்கவில்லை. “அவங்கள லாரீல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கண்ணா. நெசத்தச் சொன்னாங்கண்ணா. நெசத்தச் சொன்னதுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணா.”

முதலாளியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். படை தங்கியிருந்தது ஒரு பழைய குடோனில். வாசலில் மணல் மூட்டை. வெள்ளைச் சட்டையையும் காரையும் பார்த்ததால் எங்களை உள்ளே விட்டார்கள். அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தெற்குச் சீமைக்காரன். முதலாளிக்கு நாற்காலி போடச் சொன்னான்.

“நல்ல வேலக்காரன்னு சொல்லுதீக. சரி. உங்க நல்ல வேலக்காரன் அந்தக் கொலகாரப் பயல என்னன்னு சொல்லுதான் தெரியுமா? வந்தாருங்காம், கேட்டாருங்காம். என்ன, மாமனா மச்சானா?”

“சார், அவன் எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவான்” என்றேன். “எங்க ஊர்ப் பேச்சே அப்படித்தான் சார். திருடனையே திருடருன்னு சொன்னவன் சார்.”

“இவன் யாரு, வக்கீலா?” என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டான். முதலாளி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கதவோரம் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். கோபிப் பக்கத்து ஆள் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. மெதுவாக என் பக்கம் வந்தார். “நானுஞ் சொல்லிப் பாத்தனுங்க. அது பேச்சு வழக்கமுங்க ஐயான்னு. நீயும் அவங்கூட்டமான்னு கேட்டுப்போட்டாருங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்களே.” சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார்.

உன்னைக் கொண்டு வந்தார்கள். உன் நடையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாய். அது முடியவில்லை.

அதிகாரி நாற்காலியை விட்டு எழாமலே சொன்னான். “ஏல, உன் மொதலாளி வந்திருக்காரு. இந்தா, இப்பமே விட்டுருதேன். அந்தப் பயல அவன்னு சொல்லி, நடந்தத ஒரு தடவ சொல்லு. போதும்.”

எவ்வளவு சுலபம். ஒரு சொல்லின் கடைசி எழுத்து. நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள்ளே உதடு அசைந்தது. நீயும் முயற்சி செய்தாய். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பையனைப் போல ஆரம்பித்தாய்.

“அவன்… அவன் வந்தானுங்க. ஆடு மேச்சிட்டிருந்தனுங்க. தீப்பெட்டி இருக்குதான்னு கேட்டானுங்க. இருக்குதுங்கன்னேன். எடுத்துக் குடுத்தனுங்க. உப்பு வேணும்னானுங்க. அதையுங் குடுத்தனுங்க. வாங்கிக்கிட்டு…”

அவ்வளவு தூரம் வந்துவிட்டாய். நான் மூச்சை விட்டேன்.

“…வாங்கிக்கிட்டு அக்கட்டால போயிட்டாருங்க.”

அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. உனக்குத்தான் முதலில் கேட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். பயத்தில் இல்லை. கையில் இருந்த தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டவன் பார்க்கிற மாதிரி.

“பாத்தீகளா?” என்றான் அதிகாரி முதலாளியிடம். உன்னைத் திரும்ப உள்ளே கொண்டு போனார்கள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில்தான் விட்டார்கள். வழக்கில்லை, கோர்ட் இல்லை, ஏன் பிடித்தோம் என்றும் ஏன் விட்டோம் என்றும் ஒரு வார்த்தை இல்லை. பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

பவுண்டரிக்கு வந்தாய். உருக்கிய இரும்பை மொண்டு ஊற்றுகிற பெரிய கரண்டியைத் தூக்க முடியவில்லை. அதனால் மண் சலிக்கிற வேலை கொடுத்தார்கள். நீ பேசுவதே இல்லை. பேசியபோதுதான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் பேச்சில் ‘ங்க’ இல்லை. ‘அவர்’ இல்லை. டீக்கடைக்காரர் வந்தால் “டீக்காரன் வந்தான்” என்றாய். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று எங்கள் முகத்தைப் பார்த்தாய். உன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, “டாக்டர் ஊசி போட்டான்” என்றாய். ஒவ்வொரு ‘ஆன்’ சொல்லும்போதும் உன் வலது தோள் காதைத் தொடுகிற மாதிரி உயர்ந்தது. அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மாரிமுத்து அதற்கப்புறம் உன்னை ஒருநாளும் கேலி செய்யவில்லை.

ஒரு காலையில் வாசலில் கார் சத்தம் கேட்டது. நீ சல்லடையோடு எழுந்து நின்று உரக்கச் சொன்னாய்: “மொதலாளி வந்துட்டான்.”

சூப்பர்வைசர் உன்னை அறைந்தான். “காட்டுப் பக்கம் போயிட்டு வந்ததும் திமிரு ஏறிப்போச்சா? ஈனப் பயலே!”

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். விலக்கிவிட்டார்கள். காரிலிருந்து இறங்கிய முதலாளிக்கு எல்லாம் தெரியும். குடோனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு காதாலும் கேட்டவர் அவர். ஆனால் அத்தனை பேர் முன்னால் கேட்ட ஒரு ‘வந்துட்டான்’ அவருக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. “கொஞ்ச நாள் ஊர்ல இருந்து ஒடம்பத் தேத்திக்கட்டும்” என்றார். மரியாதையான வார்த்தைகள். வேலை போனது.

‘அவர்’ என்றதற்கு அங்கே அடி, ‘அவன்’ என்றதற்கு இங்கே அடி. உனக்கென்று எந்தச் சொல்லைத்தான் விட்டு வைத்தார்கள்?

அடுத்த வெயில் காலம் வரை இருந்தாய். கடைசியில் சிறுநீர் இரத்தமாகப் போனது. சிறுநீரகக் கோளாறு என்றார்கள். கோளாறு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் பார்க்க வந்தபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே “வந்தான்” என்றாய். என்னைத்தான். அந்த ‘டா’வுக்காக உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு அது இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன்.

போன மாதம், படையின் பேரில் வந்த புகார்களைக் கேட்பதற்கென்று பெரியவர்கள் சிலர் வந்து ஒரு அரசாங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்தார்கள். காட்டோரத்து ஊர்களிலிருந்து பெண்கள் வந்து வெளியே மரத்தடியில் காத்திருந்தார்கள். உன் சம்சாரமும் வந்தாள். துணைக்கு நான் போனேன். உள்ளே போகும்போதே படைத் தரப்பு வக்கீல் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. செத்துப்போன ஆள் கூட்டத்துக்கு உடந்தை, விசாரணையில் மாற்றி மாற்றிப் பேசினான், பொய்யன் என்றார்.

அவளைக் கேட்டார்கள். “உன் கணவரை அடித்தது யார் என்று தெரியுமா, இங்கே இருக்கிறாரா?” அந்த அதிகாரி முன்வரிசையில் மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவள் கையை நீட்டினாள்.

“அவருதானுங்க. அவருதான் அடிச்சாருங்க.”

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. குனிந்து அவள் காதில் சொன்னேன். “அம்மணி, அவன்னு சொல்லு. அவன்தான் அடிச்சான்னு சொல்லு.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

“வேண்டாமுங்ணா. நீங்களும் அதையே சொல்லாதீங்க. நான் பேசறாப்பிலயே பேசிப்போட்டுப் போறன்.”

நான் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் பேசினாள். லாரி வந்ததையும், குடோன் வாசலில் குழந்தையோடு கிடந்ததையும், நீ திரும்பி வந்து தூக்கத்தில் ‘வந்தான், கேட்டான், போனான்’ என்று ஒப்பித்ததையும் சொன்னாள். ‘அடிச்சாருங்க’, ‘ஒதைச்சாருங்க’, ‘என்னையும் அந்தக் கையிலதான் தள்ளுனாருங்க’. குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. நான் அந்தச் சொற்களை அடிமைத்தனம் என்று எத்தனை தடவை உன்னிடம் கத்தியிருக்கிறேன். இப்போதும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் அன்று அவள் ‘அவரு’ என்ற ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் இருந்தவன்தான் நெளிந்தான்.

முடிந்தது, போகலாம் என்றார்கள். அவள் போகவில்லை.

“ஒண்ணே ஒண்ணுங்க. எங்கூட்டுக்காரரு பொய் பேசலீங்க. பாத்ததப் பாத்தேன்னு சொன்னாருங்க. அத மட்டும் மறக்காம எழுதிக்குங்க.”

டைப் அடிக்கிறவர் அப்போது தாளை மாற்றிக்கொண்டிருந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் சொன்னது ஏறியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள், “எழுதீட்டாங்களாங்ணா?” எழுதிவிட்டார்கள் என்றேன். அந்த வார்த்தையைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். அது பொய்யாகப் போய்விடக் கூடாது என்று, யார் படித்தாலும் படிக்காவிட்டாலும், இங்கே நானே எழுதி வைக்கிறேன்.

நீங்க பொய் பேசலீங்க.