பெட்டிக்குள் கார்டு அடங்காது

ஹில்லா,

பட்டாணி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. இல்மரி சித்தப்பாவுக்கும் ஊற்று. கீழறைச் சாவி கதவோரம் ஆணியில் தொங்குகிறது.

மூன்று மணிக்கு நீங்கள் இருவரும் கம்ப்யூட்டர் பாகங்களை ஆர்டர் செய்வதற்கு முன் இதைப் படி. அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் பெட்டியையே வைத்துக்கொண்டால் தொண்ணூறு யூரோ மிச்சம், அதைக் கிராபிக்ஸ் கார்டில் போடலாம் என்றாரே சித்தப்பா. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கார்டின் நீளம் முப்பத்தொரு சென்டிமீட்டர். பெட்டிக்குள் இடம் இருபத்தாறுதான். நேற்று கீழே போய் அளந்துவிட்டேன். அப்பா போய் இரண்டு வருஷத்தில் நேற்றுதான் அதைத் திறந்தேன்.

சித்தப்பாவோடு மணிக்கணக்கில் போனில் பேசுகிறாய். நான் கேட்டால், "உனக்குப் புரியாதும்மா, விடு." அவரோ, "அண்ணி, நீங்க காபி மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்கிறார். நீயும் சேர்ந்து சிரிக்கிறாய். எனக்குப் பொறாமைதான். அப்பா இருந்து நீ அவரிடம் கேட்டிருந்தாலும் பொறாமைப்பட்டிருப்பேன், ஆனால் சந்தோஷமாக.

கார்டை மாற்ற வேண்டாம். பெட்டியின் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் வைக்கும் கூண்டு இருக்கிறது. நான்கு திருகாணிதான். கழற்றினால் கார்டு தாராளமாக அடங்கும்.

ஏழு மணிக்குக் கட்டடத்துச் சவுனாவில் நீராவிக் குளியலுக்கு நம் முறை. மறந்துவிடாதே.

அம்மா

பி.கு. நீயே அளந்ததாகச் சித்தப்பாவிடம் சொல்லிக்கொள். வேண்டாம், நான் அளந்தேன் என்றே சொல்.

இன்னொன்று: திருப்புளியைத் தேடாதீர்கள். அது என் கைப்பையில் இருக்கிறது. நாலரைக்கு வந்துவிடுவேன்.