சீக்குப் பறவைகள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

கவிநிலாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இருமல் மட்டும் இருக்கிறது.

"வீட்ல பறவை வளக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது என் முன்னாலேயே "இல்லீங்க" என்றீர்கள். வியாபாரம் கெட்டுவிடுமாம். நீங்கள் டீ குடிக்கப் போன பிறகு, மாடியில் விற்பதற்கு லவ்பேர்ட்ஸ் வைத்திருப்பதை நான்தான் சொன்னேன். அப்புறம்தான் மருந்தை மாற்றினார்கள்.

நேற்று துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கூண்டுத் தண்ணீரில் பச்சைப் பச்சையாக எச்சம் மிதந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுருண்டிருந்த ஒரு பறவையின் பீளைக் கண்ணை நீங்கள் நம் பிள்ளையின் துண்டால் துடைத்தீர்கள். கைக்குழந்தையோடு நின்ற பெண்ணிடம், "இப்பதாம்மா தூங்கி எழுந்திருக்கு, நல்ல பறவை" என்று நீட்டினீர்கள்.

"சீக்குப் பறவைங்க, வாங்காதீங்க" என்று அவளை அனுப்பினேன்.

"பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" என்று கத்தினீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

நாளை காலை நான் வரச் சொல்லியிருக்கும் கால்நடை டாக்டர் வருவார். கதவைத் திறந்து காட்டுங்கள். அந்த வாயில்லாத உயிர்களாவது பிழைக்கட்டும்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அரியாங்குப்பம் அக்கா வீட்டுக்குப் போகிறோம். கூப்பிட வராதீர்கள். பிள்ளை தினமும் உங்களைக் கேட்கிறாள். அப்பா கை கழுவிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா