இரண்டு கடிதங்களில் என் தம்பி

மாசி 3, ஞாயிறு

மாசியிலேயே இப்படி வெயில். விடுதியில் எட்டு அறைகளும் நிரம்பிவிட்டன. பௌர்ணமி கிரிவலத்துக்கு இன்னும் ஐந்து பேர் கேட்டார்கள், இல்லை என்றேன். வாங்க வேண்டியவை: பினாயில், கொசுவத்தி, பல்பு இரண்டு.

மூன்று மணிக்கு சதீஷ் போன். கடைசியாகப் பேசிப் பதினொரு நாள் கழித்து. ஆறு மாதமாக 'நல்லா கீறேன்' என்று மட்டும் சொல்லிவந்தவன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் அனுப்பிவைத்த என் தம்பி இருப்பது தாய்லாந்திலேயே இல்லை. ஏர்போர்ட்டிலிருந்து காரில் ஏற்றி, ஒரு ஆற்றைப் படகில் தாண்டி, மியான்மர் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். மதில், முள்கம்பி, துப்பாக்கியோடு காவல். கக்கூஸில் உட்கார்ந்து வேறு யாருடைய போனிலோ பேசினான்.

"இன்னாடா வேல அங்க?"

"வெளிநாட்டு ஆளுங்கள ஏமாத்தற வேலக்கா. பொண்ணு மாதிரி மெசேஜ் போடணும். மாசக்கணக்குல பேசி நம்ப வெச்சு, பணம் கட்ட வெக்கணும். முடியாதுன்னா கரண்ட் வெக்கிறானுங்க. அப்பா கிட்ட சொல்லாத."

வைத்துவிட்டான். ஆறாம் நம்பர்காரர் டவல் கேட்டு மேசையைத் தட்டியபோதுதான் நிமிர்ந்தேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

மாசி 5, செவ்வாய்

கலெக்டர் ஆபீஸில் மனு. போலீசில் புகார். இரண்டு நாட்டிலும் உள்ள நம் தூதரகங்களுக்கு மெயில், பாஸ்போர்ட் நகலோடு.

மாலை ஒரு தூதரக அதிகாரி அவராகவே கூப்பிட்டார். ஆங்கிலத்தில், பொறுமையாகப் பேசினார். அந்த இடம் அந்நாட்டு அரசின் கையில் இல்லையாம். ஆயுதக் குழு ஒன்றின் கையில். "ஒரு அரசாங்கத்திடம் கேட்கலாம், மேடம். அங்கே யாரிடம் கேட்பது என்பதே எங்களுக்குச் சிக்கல்." இதே கட்டடங்களைப் பற்றி இன்னும் பத்துப் பன்னிரண்டு நாடுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றனவாம். சில நாடுகள் தங்கள் ஆட்களை மீட்க. சில நாடுகள் தங்கள் ஆட்களை ஏமாற்றியவர்களைப் பிடிக்க.

இரண்டும் ஒரே ஆளாக இருந்தால்? சதீஷின் பாஸ்போர்ட் நம்பரை மட்டும் இன்னொரு முறை சொன்னேன்.

மாசி 9, சனி

செய்தி: எல்லையிலிருந்து அந்தக் கட்டடங்களுக்குப் போகும் மின்சாரம், இன்டர்நெட், டீசல் எல்லாவற்றையும் தாய்லாந்து நிறுத்திவிட்டது. பெரிய நாடுகள் கொடுத்த நெருக்குதல். டீக்கடையில் ஒருவர்: "சூப்பர். இப்டித்தான் செய்யணும் அவனுங்கள." நானும் டீயை வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றேன்.

சதீஷுக்குக் காலையில் போட்ட மெசேஜுக்கு ஒற்றை டிக். மாலையும் ஒற்றை டிக்.

அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டார். மனு போட்டது ஊருக்குள் தெரிந்துவிட்டதாம். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"ஜெயில்லயா கீறான்?"

"ஜெயில் மாதிரி, ப்பா."

"ஜெயில்னா கூட இன்னா கேசுன்னு எழுதி ஒட்டுவாங்களேம்மா."

சாப்பிடச் சொன்னேன். இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மாசி 17, ஞாயிறு

எட்டு நாளாக ஒன்றுமில்லை. தலைவலி. கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன்.

அந்த ஆயுதக் குழு ஆட்களை ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் விடுகிறதாம். தூதரகத்திலிருந்து பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயராக மூன்று முறை படித்தேன். இல்லை. அதிகாரிக்குப் போன் செய்தேன். இது முதல் பட்டியல்தான் என்றார்.

மாசி 28, வியாழன்

இருக்கிறான். டெல்லியில். ராணுவ விமானத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே விசாரணை முடிந்ததும் ஊருக்கு.

"அக்கா" என்றான்.

பங்குனி 1, ஞாயிறு

வந்துவிட்டான். என் அறையில்தான் இருக்கிறான், கீழ்பென்னாத்தூருக்குப் போக மாட்டேன் என்கிறான். பாதி உடம்புதான் மிச்சம். இடது காது கேட்கவில்லை. சோற்றை நின்றுகொண்டே, வேகவேகமாகச் சாப்பிடுகிறான். யார் போன் ஒலித்தாலும் விரல்கள் தாமாக அசைகின்றன.

அப்பா அவன் முதுகைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பங்குனி 4, புதன்

பதினொரு மணிக்கு சைபர் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தது. இரண்டு கடிதங்கள் வைத்திருந்தார்.

ஒன்று: கடத்தப்பட்டவர் என்ற முறையில் ஏஜென்ட்மீது வாக்குமூலம் தர வேண்டும்.

இரண்டு: ஒரு வெளிநாட்டுத் தூதரகம் டெல்லிக்கு எழுதி, அங்கிருந்து வந்தது. அவர்கள் நாட்டு முதியவர் ஒருவர் எல்லாவற்றையும் இழந்து உயிரை விட்டுவிட்டார். அவருக்கு மெசேஜ் அனுப்பிய கணக்கை இயக்கியது சதீஷ்தானா?

"ரெண்டுலயும் இவன் பேருதாம்மா. எங்களுக்கே இன்னா பண்றதுன்னு தெரியல. மேல ரெண்டு நாட்டுக்காரங்களும் பேசிக்கினு கீறாங்க. நாளைக்கு பத்து மணிக்கு எஸ்.பி. ஆபீஸ் கூட்டியாங்க."

அவர் போன பிறகு சதீஷ் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"அந்தத் தாத்தாவ எனக்குத் தெரியும்கா. பொண்ணு மாதிரி இன்னா எழுதறதுன்னே தெரியல. உன்னப் பத்தியே எழுதிட்டேன். மலைகிட்ட ஓட்டல்ல வேல, அப்பா நெலத்துல மல்லாட்ட பயிரு போட்டுக்கீறாரு, எல்லாம். உன் பேருதான் வெச்சேன். தினம் காலைல, சாப்ட்டியா தேவின்னு கேப்பாரு."

"நீ இன்னா சொல்லுவ?"

"சாப்ட்டேன்னுவேன். சாப்ட்டிருக்க மாட்டேன்."

அடிக்க வேண்டும் போலிருந்தது. ஏற்கெனவே எத்தனை பேர் அடித்த உடம்பு. முட்டை தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

இரண்டாவது கடிதத்தை இன்ஸ்பெக்டர் என்னிடம்தான் கொடுத்து, அப்பாவுக்குப் படித்துச் சொல்லச் சொல்லியிருந்தார், ஆங்கிலம் என்பதால். இறந்தவரின் மகள் கேட்கும் கேள்விகள் அதில் வரிசையாக இருந்தன. கடைசிக் கேள்வி: தேவி என்று உண்மையிலேயே யாராவது இருக்கிறார்களா?

அந்த வரியை மட்டும் தமிழில் சொல்லாமல் விட்டேன்.

நாம் நேரடியாகப் பதில் எழுதக் கூடாதாம். அரசாங்கம் வழியாகத்தான் போக வேண்டும். இருந்தாலும் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். இருக்கிறேன், என்று. அதற்கு அடுத்த வரி வரவில்லை.