வாய்மொழி அனுமதி

ஜூலை 3

அன்புள்ள மருமகளுக்கு,

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மலை மேல் வைத்த பெட்டிக்கு சீல் வைப்பார்கள், வண்டியில் மூன்று பேர் வருவார்கள், அதில் ஒருத்தன் சிடுமூஞ்சியாக இருப்பான் என்று உன் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வந்தது மூன்று பேர்தான். மூன்று பேருமே சிடுமூஞ்சி. அந்த ஒரு விஷயத்தில்தான் கணிப்பு கொஞ்சம் பிசகிவிட்டது.

கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய சீட்டு கிடைத்தது. லைசென்ஸ் ஆபீஸில் விளக்கம் கேட்கிறார்கள், நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுங்கள் என்கிறாய். மலைக்கு இந்தப் பக்கம் போன் எடுக்காதது எவ்வளவு நல்லது பார். போன் என்றால் நான் பேசும்போதே நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஆரம்பம் என்றால் போன மழைக்காலம்தான். அணையில் மதகைத் திறக்கப் போகிறார்கள் என்று நீ உன் வானொலியில் காலையிலிருந்து தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தாய். டவுன் முழுக்கக் கேட்டது. நடுவில் மலை குத்துக்கல் மாதிரி நிற்கிறதே, அதைத் தாண்டி ஒரு சொல் இங்கே வரவில்லை. ஓடக்காரர் நடு ஆற்றில் இருந்தார். என்னோடு சீட்டாட ஒப்புக்கொண்ட ஒரே மனிதர். இப்போது அவர் மனைவிதான் ஓடம் தள்ளுகிறாள்.

அதற்கப்புறம்தான் மலை மேல் ரிப்பீட்டர் வைக்கலாம் என்றாய். அது என்ன என்று இங்கே ஒருத்தருக்கும் புரியவில்லை. நான்தான் கூட்டம் போட்டு விளக்கினேன். "என் வீட்டுக்காரியைப் பாருங்க. அவகிட்ட ஒரு தடவை சொன்னா அடுத்த தெரு வரைக்கும் போய்ச் சேருதில்ல? அதேதான். டவுன்ல பேசறதை மலை மேல ஒரு பெட்டி கேட்டு, இந்தப் பக்கம் திருப்பிச் சொல்லும்." எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. அத்தைக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

கம்பத்தை நானும், ஊரே 'ஒயர்' என்று கூப்பிடும் நம் லைன்மேனும் நட்டோம். உண்மையைச் சொன்னால் நான் தனியாகத்தான். அவன் கயிறு பிடித்தான்.

உடனே நீ சட்டம் பேசினாய். நிலையத்து லைசென்ஸ் டவுனில் இருக்கும் கோபுரத்துக்கு மட்டும்தான், மலை மேல் பெட்டி வைத்தால் அதற்குத் தனி அனுமதி, தனி அலைவரிசை, கம்பத்தின் உயரத்துக்கு விமானத்துறைச் சான்று, பிறகு இடம் பார்க்க ஆள் வருவார்கள், அதுவரை சுவிட்சைத் தொடக் கூடாது என்றாய். என் மேல் அவ்வளவு நம்பிக்கை! ஆன்டெனா கேபிளை உன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டாய். நான் வருத்தப்படவில்லை. கொஞ்சம்தான்.

இடம் பார்க்கிற அதிகாரி வந்தார். தங்கமான மனிதர். நெட்டை உருவம், தங்க ஃபிரேம் கண்ணாடி. உச்சி வரைக்கும் என் பின்னாலேயே ஏறினார். கம்பத்தைத் தட்டிப் பார்த்து, "யாருங்க நட்டது?" என்றார். நான்தான் என்றேன். "இவ்வளவு நேரான கம்பத்தை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல" என்றார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். "மழை காகிதத்துக்காகக் காத்திருக்காதுங்க. நீங்க போட்டுக்கோங்க. ஆர்டர் பின்னாடி வரும்" என்றார்.

அவ்வளவுதான் கதை. நான் உனக்கு எழுதினேன், நீ கேபிளை அனுப்பினாய், நான் மாட்டினேன், பெட்டி பேசியது. தெருவில் எந்த வாசலில் நின்றாலும் உன் குரல். பிறகு உன் சமையல் நிகழ்ச்சி மீட்புப் படைக்காரர்களின் வயர்லெஸ்ஸில் போய் விழுந்தது என்றால், அது நம் குற்றமா? அவர்கள் தலைவர் பேனா எடுத்து வெங்காய அளவைக் குறித்துக்கொண்டாராம். அப்புறம்தான் புகார் கொடுத்தாராம்.

ஆகவே கவலையை விடு. அதிகாரியே சொன்னார் என்று எழுதிக் கொடு. நன்றாகச் சாப்பிடு.

உன் மாமா


ஜூலை 5

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நன்றாக இருப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நான் நன்றாக இல்லை.

சீல் வைத்தது பெட்டிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அனுமதி இல்லாமல் ஒலிபரப்பினோம் என்று நிலையத்தின் லைசென்ஸையே ரத்து செய்யப் போகிறார்கள். பொறுப்பாளர் என்று இருப்பது என் பெயர். ரத்தானால் இந்த மழைக்கு உங்கள் பக்கம் மட்டுமில்லை, டவுனுக்கும் வானொலி கிடையாது. மதகு திறந்தால் சொல்ல ஆள் இல்லை. தப்பிக்க ஒரே ஒரு வழி, அதிகாரி வாய்மொழியாக அனுமதி கொடுத்தார் என்பதுதான்.

அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "உங்க மாமா சொல்றதை ரெண்டால வகு. மிச்சம் வந்தா அதையும் விடு." இத்தனை வருஷமாக வகுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வகுக்கவில்லை. ஏன் தெரியுமா? நீங்கள் அனுப்பிய சீட்டில் ஒரே வரிதான் இருந்தது. "அதிகாரி போடச் சொல்லிவிட்டார். கேபிள் அனுப்பு." கம்பம் இல்லை, வானம் இல்லை, கண்ணாடி இல்லை. மாமா ஒரே வரியில் எழுதினால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டேன்.

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிற விளக்கம் இது. அதனால் கேட்கிறேன். அவர் அப்படிச் சொன்னாரா? கூட யாராவது இருந்தார்களா? கூட்டாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஜூலை 7

அன்புள்ள மருமகளுக்கு,

கூட்டாமல் எழுது என்கிறாய். சரி, கூட்டவில்லை. சொன்னார். இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை என் தோளைத் தட்டிச் சொன்னார்.

ஒயர் அப்போது கம்பத்தின் மேலே இருந்தான். காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, அவன் காதில் விழுந்திருக்காது. அவனை எதற்கும் கேட்காதே, பாவம், பயந்த சுபாவம். கிளம்பும்போது அதிகாரி குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, நனைந்துகொண்டே எனக்குக் கை கொடுத்தார். நனைந்துகொண்டு கை கொடுக்கிற மனிதர் பேச்சு மாறுவாரா, சொல்? தைரியமாகக் கையெழுத்துப் போடு.

இங்கே நிலைமை சரியில்லை. எல்லோரும் ரேடியோவைத் திருகித் திருகிப் பார்க்கிறார்கள். வெறும் இரைச்சல்தான். தையல்காரன் கடையிலிருந்தே கத்துகிறான். "என்ன பெரியவரே, கம்பம் சும்மாதானே நிக்குது, துணி காயப் போடலாமா?" நான் பதிலுக்கு, "உன் கடையில தைச்ச துணியா இருந்தா வேண்டாம், கம்பத்துக்குக் கேவலம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓடக்காரர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ரேடியோவை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓடத்தில் கட்டி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் கேட்கிறாள், "இன்னிக்குப் பேசுமாண்ணே?" பேசும் பேசும் என்கிறேன். ஆறு மண் நிறமாக மாறிவிட்டது.

சீக்கிரம் முடி, கண்ணு.

உன் மாமா


ஜூலை 12

மாமாவுக்கு,

விளக்கம் கொடுத்துவிட்டேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் வைத்துத்தான் எழுதினேன். ஏற்றுக்கொள்கிற மாதிரிதான் தெரிகிறது. லைசென்ஸ் தப்பித்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார்.

ஆனால் அந்த அதிகாரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதிகாரம் இல்லாமல் அனுமதி கொடுத்தார் என்று. வெள்ளிக்கிழமை விசாரணை.

நேற்று அவர் நிலையத்துக்கு வந்தார். ஒலிப்பதிவு அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில், நான் செய்தி வாசித்து முடிக்கிற வரை உட்கார்ந்திருந்தார். அவர் நெட்டை இல்லை மாமா. கண்ணாடியும் போடவில்லை.

"நான் உச்சிக்கே ஏறலம்மா" என்றார். "முழங்கால் வலி. தண்ணித் தொட்டி வளைவுலயே உட்கார்ந்துட்டேன். உங்க மாமாதான் மேல போய்ப் படம் எடுத்துட்டு வந்து காட்டினார். அது என் தப்பு, ஒத்துக்கறேன். டீ வாங்கிக் கொடுத்தார், வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சார். ஆனா போட்டுக்கோங்கன்னு நான் சொல்லலை."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. எழுந்து போகும்போது, "மாமாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால் குரல் நடுங்குகிறது. ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்லியிருக்கிறேன். எது என்று எழுதுங்கள். இந்த பஸ்ஸிலேயே அனுப்புங்கள்.

மருமகள்


ஜூலை 14

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் இருக்காதே. உன் அம்மாவும் இப்படித்தான், கோபம் வந்தால் முதலில் தட்டைத் தள்ளிவிடுவாள். நான்தான் அந்தத் தட்டையும் சேர்த்துக் காலி செய்வேன்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறேன். பாதி மலை ஏறினால் ஒரு பாறை இருக்கிறது, அங்கே உன் நிலையம் கொரகொரவென்று கேட்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் ரேடியோவோடு அங்கே உட்கார்ந்திருக்கிறேன். மதகு என்று ஒரு சொல் கேட்டால் போதும், கீழே பார்த்து விசில் ஊதுவேன். பஸ் ஸ்டாண்டில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருத்தர் எனக்குப் பரிசாகக் கொடுத்த விசில். அவர் சீட்டாட்டத்தில் தோற்றார் என்று வைத்துக்கொள்ளேன். சத்தம் ஆற்றங்கரை வரை போகிறது. முக்கால்வாசி போகிறது. ஓடத்தில் இருந்தால் கேட்கிறதா என்று ஓடக்காரர் மனைவியைக் கேட்டேன். "காத்து உங்க பக்கமிருந்து அடிச்சா கேக்குதுண்ணே" என்றாள்.

உன் செய்தியும் கேட்டேன். குரல் நடுங்கவில்லை. யார் சொன்னது நடுங்குகிறது என்று?

அதிகாரிகள் ஆயிரம் சொல்வார்கள். பெரிய உத்தியோகம், சமாளித்துக்கொள்வார்கள். நமக்கு நிலையம்தான் முக்கியம். அத்தை உன்னைக் கேட்டாள். என்னோடு அவள் இப்போது சுத்தமாகப் பேசுவதில்லை. உன் கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். மழை வலுக்கிறது, பஸ் எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை.

உன் மாமா


ஜூலை 15

மாமாவுக்கு,

பாறை, விசில், சீட்டாட்டம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

உங்களுக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே நின்றால் நிலையம் பிழைக்கும், அந்த மனிதர் வேலை போகும். மாற்றிச் சொன்னால் அவர் பிழைப்பார், நிலையம் அன்றைக்கே மூடப்படும். பொய் விளக்கம் கொடுத்ததற்கு என் மேல் தனி வழக்கு வரும். இதைச் சொல்லுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்கவும் முடியவில்லை. நானே இரண்டுக்கும் நடுவில் நின்று பைத்தியம் மாதிரி ஆகிவிட்டேன். ஒரு நிமிஷம் நீங்கள் நிஜம் பேசியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அடுத்த நிமிஷம் அந்த பெஞ்ச் ஞாபகம் வருகிறது.

ரிப்பீட்டர் என்றால் அத்தை மாதிரி என்று ஊரையே சிரிக்க வைத்தீர்கள். அத்தை கேட்டதை அப்படியே சொல்கிறவள் மாமா. அதில் என்ன கேலி? கேட்டதைக் கேட்டபடி சொல்லத்தானே ஆள் இல்லாமல் நாம் மலை மேல் பெட்டி வைத்தோம்?

வெள்ளிக்கிழமை காலை விசாரணை. வளைவில் என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் இனி எனக்கு எழுதவே வேண்டாம்.

மருமகள்


ஜூலை 16

அன்புள்ள மருமகளுக்கு,

பஸ் நின்றுவிட்டது. ஒயர் மலை மேலேயே நடந்து வந்து இதை உன் கையில் கொடுப்பான். பயந்த சுபாவம் என்று எழுதினேனே, தப்பு. இந்த மழையில் வேறு யாரும் கிளம்ப மாட்டேன் என்றார்கள். அவன் நான் கேட்டு முடிப்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். அவனுக்குச் சூடாக ஏதாவது கொடு. இந்தக் கடிதத்தை விசாரணையில் கொடு. எழுத்து கோணல், ஆனால் கையெழுத்து என்னுடையதுதான்.

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். முதலில் அப்படியே நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு அந்த மனிதர் யார்? ஆறு கரையை முட்டிக்கொண்டு போகிறது. நிலையத்தை மூடினால் நான் பாறையில் உட்கார்ந்து கேட்கவும் ஒன்றும் இருக்காது. விசில் எதற்காக ஊதுவது? அதனால் ஒரு புதுக் கடிதமே எழுதினேன். கோபமாக, நன்றாக வந்திருந்தது. அதிகாரி என்னிடம் ரகசியமாகப் பேசினார், சத்தியம் செய்தார் என்றெல்லாம் இருந்தது. அத்தை வாங்கிப் படித்தாள். இத்தனை நாள் பேசாதவள் பேசினாள். "அந்த ஆளுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா" என்றாள். கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு அதிகாரியை வண்டியில் ஏற்றிவிட்டு நான் இறங்கி வந்தேன். ஆற்றங்கரையில் எல்லோரும் நின்றார்கள். நான்தான் காலையிலேயே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், இன்றைக்கு முடிந்துவிடும் என்று. ஓடக்காரர் மனைவி ஓடத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். "என்னண்ணே சொன்னாங்க?" என்றாள். பொறுக்கச் சொன்னார்கள் என்று சொல்ல வாய் திறந்தேன், மருமகளே. அந்த வார்த்தை வரவே இல்லை. வேறொன்று வந்தது. வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு எழுதினேன்.

அபராதம் என்றால் என் பெயரில் எழுதச் சொல். சிறை என்றால் நான் வருகிறேன், வேட்டி சட்டை எடுத்து வைத்துவிட்டேன். உன்னை மட்டும் விட்டுவிடச் சொல். நீ நம்பினாய், அது ஒரு குற்றமா? விடமாட்டார்கள் என்றும் தெரிகிறது. நிலையம் போய்விடும் என்றும் தெரிகிறது. ஓடக்காரர் மனைவியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். இனி ரேடியோவை நம்பி ஓடம் எடுக்காதேம்மா என்றேன். "அப்ப எதை நம்பி எடுக்கறது?" என்று கேட்டாள்.

விசாரணைக்காரர்களுக்கு: அவர் உச்சிக்கு ஏறவில்லை என்பது நிஜம். தண்ணீர்த் தொட்டி வளைவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் காட்டிய படங்களைப் பார்த்தார். டீ குடித்தார். "காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் சுவிட்சைத் தொட்டுடாதீங்க, மாட்டிக்கிட்டா உங்க மருமகளுக்குத்தான் ஆபத்து" என்று சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

போட்டுக்கோங்க என்று அவர் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது.

உன் மாமா