விளையாட்டுக்குக் கலந்தது

மச்சான்,

இன்று சிட்லபாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசம். கையில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸின் வாசனை மூக்கில் ஏறியதும் குடிக்க முடியவில்லை. வைத்துவிட்டு வந்து உனக்கு எழுதுகிறேன். நெஞ்சுவலியில் நீ போன பிறகு வரும் முதல் மழைக்காலம் இது.

எத்தனையோ வருடங்களுக்கு முன், நம் சிநேகிதன் பிரபுவின் கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு, முடிச்சூரில் அவன் ஃப்ளாட் மொட்டை மாடியில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தோம். அந்தக் கூட்டத்தில் குடிக்காதவன் நான் ஒருவன்தான். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்பது உனக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களிடம் சொல்லக் கூச்சம். பிரபு நீட்டிய ஆரஞ்சு ஜூஸ் லேசாகக் கசந்தது. பழம் சரியில்லை என்று நினைத்துக் குடித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு குழறியது, கால் துவண்டது. சுற்றிலும் சிரிப்பு.

மிச்சமெல்லாம் நீ சொல்லித்தான் தெரியும். பிரியாணி வாங்கப் போயிருந்த நீ திரும்பி வந்தபோது நான் மல்லாந்து கிடந்தேன். யாரோ ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வாந்தி மூச்சை அடைக்காமலிருக்க என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பிரபுவின் சட்டையைப் பிடித்தாய்.

"இன்னாடா கலந்த?"

"சும்மா விளையாட்டுக்கு மச்சான். தூங்கி எந்திரிச்சா சரியாப்பூடும்."

"அவன் ஃபிட்ஸுக்கு மாத்திரை போடறவன்டா! டாக்டராண்ட நான் இன்னா சொல்றது? சொல்லு!"

வோட்காவும் பொடித்த தூக்க மாத்திரையும் என்று அவன் சொன்ன பிறகே ஆம்புலன்ஸில் ஏறினாய். அது தெரிந்ததால்தான் உடனே சிகிச்சை தொடங்க முடிந்தது என்றார் டாக்டர்.

மறுநாள் கண் விழித்ததும் எனக்கு அவமானம்தான் முதலில் வந்தது. "வீட்ல சொல்லாதடா. குடிச்சிட்டு விழுந்தேன்னு நினைப்பாங்க."

"நீயா குடிச்ச? உனக்கு ஊத்திக் குடுத்தானுங்கடா," என்றாய். என் மனைவியிடம் நீயே சொன்னாய். ஸ்டேஷனுக்கும் கூட வந்தாய். கல்யாண நேரத்தில் புகாரா என்று எல்லோரும் உன்னைத்தான் திட்டினார்கள்.

"ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அவன்கூடப் படிச்சேன்டா," என்று பிரபுவைப் பற்றி ஒருமுறை மட்டும் சொன்னாய். வழக்கு நடந்தது, பல வருடம் கழித்துப் பிரபு என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். உன் வீட்டுக்கு வர அவனுக்குத் தைரியமில்லை.

போன மாதம் என் ஆபீஸ் பெண் ஒருத்தி, முந்தின நாள் பார்ட்டியில் தன் கூல்டிரிங்க்ஸில் யாரோ ஏதோ கலந்துவிட்டதாகச் சொன்னாள். "யார்கிட்ட போறதுன்னே தெரியல சார்."

பார்ட்டிக்கு ஏன் போனாய், யாரோடு போனாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவள் அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவளை உள்ளே அழைத்துப் போனார். அவள் அக்கா வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ இல்லாதது அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, மச்சான்.