மாப்புக் கேக்காத ஒரே வீடு

முனவ்வராட வாப்பா,

சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன். சாவி பக்கத்து வீட்டுல.

மக்காவுக்கு உம்ரா போகப் பயணம் சொல்லி, பலாபத்வல வரைக்கும் வீடு வீடாப் போய், செஞ்ச பிழைக்கெல்லாம் மாப்புக் கேட்டீங்க. வேலிச் சண்டையில நீங்க மண்டைய உடைச்ச, என்ட கூடப் பொறந்த நானா வீட்டுக்கு மட்டும் போகல்ல. அந்த வழக்காலதான் உங்க பாஸ்போட் கோட்டுல கிடக்கு. அதைத் தரச் சொல்லி மூணு தவணை கேட்டாச்சு. மூணு தவணையும் நானாட லோயர் எழும்பி, குடுக்க வேணாங்கிறார். நீங்க வீட்டுக்கு வந்து என்னை ஏசுறீங்க!

நான் நானா வீட்டுக்குப் போறேன். உங்களுக்காக நான் கேக்க மாட்டேன். நீங்களே வந்து கேளுங்க. அதுக்குக் கோட்டு அனுமதி வேணாம்.

ஜெஸ்லா

நீங்க காலையில வாங்கித் தந்த இறைச்சிய எடுத்துட்டுப் போறேன். நானா வீட்டுலதான் ஆக்குவேன், உங்களுக்கும் சேத்து.