கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது

ஜூலை 7, திங்கள்
காலையில் சார்ஜ் கேபிள் மின்சாரக் காரைவிட்டு வரவில்லை. பேட்டரி நிறைந்திருந்தது. சாவியில் திறக்கும் பொத்தானை அழுத்தினால் கதவுகள் திறக்கின்றன. கேபிளைப் பிடித்திருக்கும் பூட்டு மட்டும் திறப்பதில்லை. இழுத்தேன். அசையவில்லை.

பாலத்துக்கு அக்கரையில், பாகான் டாலாமில், நண்பன் நாதனோடு மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. வரவில்லை என்று போனில் சொன்னேன்.

பக்கத்து வீட்டு வடிவம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, காடிய ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டிருக்கீங்க?"

"கார்தான் என்னைக் கட்டிப் போட்டிருக்கு."

"புல்லு வச்சீங்களா?"

காருக்கு அருகில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கையேட்டைப் படித்தேன். எழுந்தபோது கேபிளைத் தூக்கி நாற்காலியின் கைமேல் போட்டேன். மாலையில் மறுபடி பொத்தானை அழுத்தியபோது சுலபமாகக் கழன்று வந்தது. ஏன்? தெரியவில்லை.

ஜூலை 9, புதன்
இன்று நேர்மாறு. கேபிளைச் செருகினால் பூட்டு விழவில்லை. பூட்டு விழாமல் சார்ஜ் ஏறாது.

அடுப்படியில் இருந்தபோது போன் அடித்தது. காமினி! பொங்கலுக்குப் பிறகு மகளின் குரலை இன்றுதான் கேட்கிறேன். இடையில் வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் கட்டைவிரல் படங்கள்.

"அப்பா, கேபிள் பூட்டலன்னு என் போன்ல வருது. என்ன ஆச்சு?"

அவள் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வேலை மாறிப் போகும்போது விட்டுப்போன கார். அதன் செயலி இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறதாம். பேட்டரி எவ்வளவு, கார் எங்கே நிற்கிறது, எல்லாம் அங்கே தெரியுமாம்.

"தினமும் பார்ப்பியா?"

"எப்பவாச்சும். பாத்தா அப்பா வெளிய போயிருக்காருன்னு தெரியும்லா."

ஜூலை 10, வியாழன்
மாலை அழைத்தாள். போனைக் கார் பக்கம் காட்டச் சொன்னாள். முனையைத் துணியால் துடைத்தேன். பூட்டவில்லை.

"சர்வீசுக்குப் போன் போடுங்கப்பா."

"நாமே பார்ப்போம்" என்றேன்.

ஜூலை 12, சனி
பத்திரிகையில் செய்தியாளனாக இருந்த பழக்கப்படி போனேன்: எப்போது வேலை செய்தது, அப்போது எது வேறாக இருந்தது. மழையா? இல்லை. வெயிலா? இல்லை. காமினி ஒவ்வொன்றாகக் கேட்க, நான் பதில் சொன்னேன். நடுவில் அவள் வெங்காயம் நறுக்கினாள், குழாயைத் திறந்தாள், சம்பலில் உறைப்புப் போதவில்லை என்றாள். பெர்த்துக்கும் நான் இருக்கும் பினாங்குக்கும் நேரம் ஒன்றுதான். அவள் சமைக்கும் நேரத்தில்தான் நானும் சமைக்கிறேன். இத்தனை மாதமும் அப்படித்தானே?

ஜூலை 13, ஞாயிறு
நாற்காலி!

கேபிள் கனமானது. சுவரிலிருந்து தொங்கும்போது முனையைக் கீழே இழுக்கிறது. செருகும்போது சாய்ந்தால் பூட்டின் முள் துளையில் விழாது. விழுந்தபின் சாய்ந்தால் முள் இறுகி வெளியே வராது. திங்கட்கிழமை நாற்காலி அந்தப் பாரத்தைத் தாங்கியது. கேபிளைத் தூக்கிப் பிடித்து, உள்ளே அழுத்திச் செருகினேன். டக். பொத்தானை அழுத்தினேன். கழன்றது. மறுபடி. டக்.

"பெரிய ரிப்போர்ட்டர்லா எங்கப்பா!" என்று போனில் காமினி கத்தினாள்.

ஜூலை 14, திங்கள்
தூணில் கொக்கி அடித்தேன். கேபிள் இனி அதில் தொங்கும்.

மாலையில் காமினி செயலியை என் போனில் போட வைத்து, காரை என் பெயருக்கு மாற்றிவிட்டாள்.

"இனி நீங்களே பாத்துக்கலாம்ப்பா. என்னைக் கேக்க வேண்டியதே இல்ல."

நன்றி என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு
பூட்டுகிறது. திறக்கிறது. போன் வரவில்லை.

ஜூலை 23, புதன்
நாதனைப் பார்த்துவிட்டு வந்தேன். பாலத்தில் நெரிசல் இல்லை. இதை யாரிடம் சொல்வது?

ஜூலை 26, சனி
எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவள் சமைக்கும் நேரம். கேபிளைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டேன். சாய்வாக, பாதி மட்டும் செருகினேன். பூட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

போன் சத்தம் போட்டது. அவசரமாக எடுத்தேன். அழைப்பு இல்லை. 'கேபிள் பூட்டப்படவில்லை' என்று ஒரு வரி.

எனக்கே.

பெயர் மாறினால் தகவல் போகும் இடமும் மாறும். ஆயுள் முழுக்கச் செய்தி யாருக்குப் போய்ச் சேரும் என்று யோசித்து எழுதியவனுக்கு இது தோன்றவில்லை. என்ன செய்துகிட்டிருக்கேன் நான்? பிள்ளையைக் கூப்பிடக் காரை நொண்டியாக்கணுமா?

வடிவம்மாள் துணி எடுக்க வந்தார். "மறுபடியும் மக்கர் பண்ணுதாண்ணே?"

"இல்லம்மா. அது நல்லாத்தான் இருக்கு."

ஜூலை 27, ஞாயிறு
கேபிளைக் கொக்கியில் மாட்டினேன். நேராகச் செருகினேன். டக். சார்ஜ் ஏறத் தொடங்கியது.

பிறகு நானே காமினியை அழைத்தேன். எடுத்தவுடன், "என்னப்பா, கேபிளா?" என்றாள். பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. கேபிள் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன்.

குழாய் நின்றது. நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கப்பா" என்றாள்.